ஆற்றுக் கடிதமும் பறக்கும் கடிதமும்

ஜொகூர் மாநிலத்தில், ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் கெச்சில் நோக்கிச் செல்லும் சாலையில் இருக்கிறது பெக்கான் நானாஸ். 'அன்னாசிப் பட்டணம்' என்பதுதான் அந்த மலாய்ப் பெயரின் பொருள். இலைதழைகள் மக்கிக் கறுத்த சதுப்பு நிலத்தில் அன்னாசி செழித்து வளர, அந்த அன்னாசியால் ஊரும் வளர்ந்தது. அன்னாசித் தொழிலைக் கவனிக்க 1957-ஆம் ஆண்டிலேயே ஒரு வாரியம் அமைக்கப்பட்டது என்றால், இந்தப் பழத்தை நாடு எவ்வளவு முக்கியமாகக் கருதியது என்பது விளங்கும்.

டின்னில் அடைத்த அன்னாசியைக் கடையில் கையில் எடுப்பவர் முதலில் பார்ப்பது, டின்னின் மேல் ஒட்டியிருக்கும் தாளைத்தான். அடைத்தவர் யார், அவருடைய முகவரி என்ன என்பது அதில் இருந்தாக வேண்டும். 1985-ஆம் ஆண்டின் உணவு ஒழுங்குமுறை விதிகள் அதை வலியுறுத்துகின்றன. தாள் உரிந்துபோன டின்னைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்குவதற்கு ஆள் யோசிப்பார்.

ஆனால், முதலில் அனுப்பியவர் யார் என்றே தெரியாத இன்னொருவரின் கடிதம் கைக்கு வந்தால் என்ன நடக்கிறது? படித்த மறுநிமிடமே அது பத்துப் பேருக்குப் போய்விடுகிறது. வயிற்றுக்குள் போகும் பொருளுக்குப் பெயரும் முகவரியும் கேட்கும் மனிதர், மனத்துக்குள் போகும் சங்கதிக்கு ஏன் அதைக் கேட்பதில்லை? ஒருவரின் அந்தரங்கக் கடிதத்தைப் பெயர் மறைத்துப் பரப்புவது மின்னஞ்சல் வந்த பிறகு பிறந்த பழக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். வரலாறு வேறு கதை சொல்கிறது.

முத்திரை இருந்தால்தான் கடிதம்

ஜொகூரின் வரலாற்றையே ஒருவகையில் கடிதங்களின் வரலாறு எனலாம். 19-ஆம் நூற்றாண்டில் மிளகும் காம்பியரும் பயிரிட வந்த சீனத் தலைவர்களுக்குத் தெமெங்கோங் ஆட்சியாளர் அனுமதிக் கடிதங்களை வழங்கினார். 'சூராட் சூங்கை', அதாவது ஆற்றுக் கடிதம் என்று அதற்குப் பெயர். 1844-ஆம் ஆண்டிலேயே இத்தகைய கடிதங்கள் வழங்கப்பட்டிருக்கின்றன. எந்த ஆறு, யாருக்கு உரிமை, கொடுத்தவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆட்சியாளரின் முத்திரையும் இருக்கும். அந்தக் கடிதத்தை நம்பிக் காடு திருத்தினார்கள், பணம் முதலீடு செய்தார்கள், ஊர்கள் எழுந்தன. 1917-ஆம் ஆண்டில் இந்த முறை ஒழிக்கப்பட்டது.

மலாய் அரசவைகளிலும் அதே வழக்கம்தான். அரசர்களுக்கான கடிதத்தை மஞ்சள் துணியில் வைத்து மரியாதையோடு கொண்டு செல்வார்கள். மலாக்காவில் பிறந்து, சிறுவயதில் தமிழும் கற்று, பின்னர் ராபிள்ஸிடம் கடித எழுத்தராகப் பணியாற்றிய முன்ஷி அப்துல்லாவின் தொழிலே இத்தகைய கடிதங்களைப் படியெடுப்பதுதான். பிறருடைய கடிதம் தன் கையில் தவழ்ந்தாலும் அது தன்னுடையது அல்ல என்று அறிந்திருப்பதே அந்தத் தொழிலின் முதல் பாடம்.

முத்திரை என்பது வெறும் அலங்காரம் அன்று. 'இந்தச் சொல்லுக்கு நான் பொறுப்பு' என்பதன் அடையாளம் அது. இதற்கு நேர் எதிரான இன்னொரு கடிதத்துக்கும் மலாய் மொழியில் பெயர் உண்டு. 'சூராட் லாயாங்', அதாவது பறக்கும் கடிதம். நம்மவர்கள் அதை மொட்டைக் கடிதம் என்பார்கள். அதற்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. யாரைப் பற்றி என்பது மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்.

லயத்து வீட்டுக்கு வந்த நீலக் கடிதம்

தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழர்களுக்குக் கடிதம் என்பது உயிர்நாடி. ஊரிலிருந்து வரும் நீல நிற விமானக் கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ! ஆனால், வந்த கடிதத்தைப் படிக்கத் தெரியாதவர்களும் அந்தக் காலத்தில் ஏராளம். கிராணியையோ தோட்டப் பள்ளி வாத்தியாரையோ தேடிப் போய், "ஐயா, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று நீட்டுவார்கள். பதில் எழுதுவதும் அவரே.

தாயின் நோய், அடகில் போன நிலம், தங்கையின் கல்யாணம் தடைப்பட்ட காரணம் என ஒரு குடும்பத்தின் அத்தனை இரகசியமும் அந்த மூன்றாம் மனிதரின் காதில் விழும். அவர் நினைத்திருந்தால் மாலைக்குள் லயம் முழுக்கச் செய்தி பரவியிருக்கும். நல்ல வாத்தியார் வாய் திறக்கமாட்டார். திறந்தால் மறுநாள் எவரும் கடிதத்தோடு அவர் வாசலுக்கு வரமாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். எழுத்தறியாத அந்த மக்கள் எந்தச் சட்டத்தையும் படித்தவர்கள் அல்லர். என்றாலும் 'கடிதத்தைப் பார்க்கக் கிடைத்தது உரிமை அன்று, அது நம்பிக்கை' என்ற நெறியை அவர்கள் வாழ்க்கையே கற்றுக்கொடுத்தது. வள்ளுவரும் புறங்கூறாமைக்கென்று தனி அதிகாரமே வகுத்துத் தந்திருக்கிறார் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது.

தாள் யாருக்கு? சொல் யாருக்கு?

'எனக்கு வந்த கடிதம் என்னுடையது. நான் யாருக்கு வேண்டுமானாலும் காட்டுவேன்' என்று வாதிடுபவர்கள் உண்டு. இந்த வாதம் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தில் நீதிமன்றம் ஏறியது. அலெக்சாண்டர் போப் என்னும் புகழ்பெற்ற கவிஞர், நண்பர்களோடு தாம் பரிமாறிக்கொண்ட கடிதங்களை எட்மண்ட் கர்ல் என்னும் பதிப்பாளர் அச்சிட்டு விற்றதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1741-ஆம் ஆண்டில் ஹார்ட்விக் பிரபு வழங்கிய தீர்ப்பு இன்றளவும் பேசப்படுகிறது. கடிதம் பெற்றவருக்குத் தாள் மட்டுமே சொந்தம், அதிலுள்ள சொற்களை அச்சிடும் உரிமை எழுதியவருக்கே உரியது என்பதே அதன் சாரம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1735-ஆம் ஆண்டில் இதே போப், 'பி.டி.' என்னும் மர்மப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தம்முடைய கடிதங்கள் இதே கர்லின் கைக்குப் போய்ச்சேர ஏற்பாடு செய்தவர். பதிப்பாளர் திருட்டுத்தனமாக அச்சிட்டதுபோல் காட்டிவிட்டு, தாமே திருத்திய பதிப்பைப் பிறகு வெளியிடுவதற்கு அது வழி செய்தது. ஆகவே, அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்று குரல் கொடுப்பவரே முகமூடி அணிந்து அதைக் கசியவிடுவதும் புதிய வித்தை அன்று.

மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இலக்கியப் படைப்பு என்பதற்கான விளக்கத்தில் கடிதங்களைச் சேர்த்திருக்கிறது. நாவலுக்கும் நாடகத்துக்கும் உள்ள அதே பட்டியலில், சாதாரண மனிதர் எழுதும் கடிதத்துக்கும் இடம் உண்டு என்பது பலர் அறியாத செய்தி.

1969: கை மாறிய ஒரு கடிதம்

மலேசிய வரலாற்றில் மிகவும் பேசப்பட்ட கடிதம் 1969 ஜூன் 17 தேதியிட்டது. மே மாதப் பொதுத்தேர்தலில் தோல்வி கண்டிருந்த டாக்டர் மகாதீர், பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானுக்கு எழுதியது. பிரதமரைக் கடுமையாகக் குறைகூறி, அவர் பதவி விலக வேண்டும் என்று கோரியது அந்தக் கடிதம்.

காலச் சூழலைக் கவனிக்க வேண்டும். மே 13 கலவரத்தின் காயம் ஆறவில்லை. மாண்டவர்கள் 196 பேர் என்றது அதிகாரபூர்வக் கணக்கு. நாடாளுமன்றம் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. பத்திரிகைகளுக்கும் கட்டுப்பாடு. இப்படி முன்வாசல் எல்லாம் அடைபட்டிருந்த நேரத்தில், ஒருவர் பெயருக்கு எழுதப்பட்ட அந்தக் கடிதத்தின் படிகள் கை மாறி, கை மாறி நாடெங்கும் போயின. ஏற்கெனவே இனப் பகைமை கனன்றுகொண்டிருந்த வேளையில், அது தீயில் ஊற்றிய எண்ணெயாகிவிடுமோ என்று அரசாங்கம் அஞ்சியது. கடிதம் பொதுமக்களிடையே பரவியது கட்சி ஒழுங்கை மீறிய செயலாகக் கருதப்பட்டது. ஜூலை 12-ஆம் தேதி மகாதீர் அம்னோ உச்சமன்றத்திலிருந்து நீக்கப்பட்டார். செப்டம்பரில் கட்சியிலிருந்தே வெளியேற்றப்பட்டார்.

எழுதியவர் கையொப்பமிட்டிருந்தார். அதற்கான விலையையும் கொடுத்தார். 1972-ஆம் ஆண்டில்தான் அவர் கட்சிக்குத் திரும்ப முடிந்தது. 1981-ஆம் ஆண்டில் அவரே பிரதமரானது பின்கதை. ஆனால், அந்தப் படிகளை ஊர் ஊராகப் பரப்பிய முகம் தெரியாத கைகள் எந்த விலையையும் கொடுக்கவில்லை. கடிதம் எழுதுபவர், பெறுபவர், பரப்புபவர் என்ற மூவரில், பொறுப்பே இல்லாத அதிகாரம் மூன்றாமவருக்குத்தான் என்பதை அன்று நாடு கண்டுகொண்டது.

அதே மகாதீர் பிரதமராக இருந்தபோது, 1986 பிப்ரவரியில், ஜொகூரைச் சேர்ந்த துணைப் பிரதமர் மூசா ஹீத்தாம் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். இருவருக்கும் இடையிலான மனக்கசப்பைச் சொன்ன அந்தக் கடிதமும் வெளியே உலா வந்தது. கடிதம் எழுதி வெளியேற்றப்பட்டவரே, பின்னொரு நாளில் கடிதம் பெற்றவராகவும் நின்றார்.

மொட்டைக் கடிதத்தின் விலை

கையொப்பமிட்ட கடிதத்துக்கே இந்த வலிமை என்றால், பெயரில்லாத கடிதத்துக்குக் கேட்கவா வேண்டும்? 1997-ஆம் ஆண்டில், அன்றைய துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிமின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றிய பறக்கும் கடிதங்கள் உலவின. மறு ஆண்டு ஜூன் மாதம், அவர் ஏன் பிரதமராகக் கூடாது என்பதற்கு ஐம்பது காரணங்களை அடுக்கிய ஒரு நூல் அம்னோ பொதுப்பேரவையில் பேராளர்கள் கைக்கு வந்தது. 1998 செப்டம்பர் 2-ஆம் தேதி அன்வார் பதவி நீக்கப்பட்டார்.

நூலுக்கு ஆசிரியர் பெயர் இருந்தது. அதனால் வழக்குத் தொடர முடிந்தது. 2005 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் அந்த ஆசிரியர் அன்வாருக்கு 45 லட்சம் ரிங்கிட் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன. பறக்கும் கடிதத்தின் மேல் யார் வழக்குத் தொடர்வது? எந்த முகவரிக்குச் சம்மன் அனுப்புவது?

அதே 1998 ஆகஸ்டில், மொட்டைக் கடிதம் மின்னஞ்சலில் ஏறியது. கோலாலம்பூர் சௌகிட் பகுதியில் பாராங்கத்திகளோடு கலவரம் மூண்டுவிட்டதாக ஒரு செய்தி இணையம் வழியே பரவியது. மே 13-ஐ நேரில் கண்டவர்கள் உயிரோடு இருந்த நகரம் அது. மக்கள் பீதியில் உணவுப் பொருட்களை வாங்கிக் குவித்தார்கள். கலவரம் எதுவும் நடக்கவில்லை. போலீசார் இணையச் சேவையின் பதிவுகளைக் கொண்டு தடம் பிடித்து, சிலரை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான இசாவின்கீழ் கைது செய்தார்கள்.

இந்தச் சம்பவம் இரண்டு பாடங்களைக் கற்பித்தது. கணினிக்கு முன்னால் தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைப்பவரின் முகமூடி மெல்லிய தாள் போன்றது. அதைக் கிழிக்கும் அதிகாரமோ, விசாரணையின்றித் தடுத்து வைக்கும் சட்டத்தைக் கையில் வைத்திருந்தவர்களிடம் இருந்தது. இசா சட்டம் 2012-ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது.

சென்னை தந்த பாடம்

கடல் கடந்து தமிழகத்தைப் பார்த்தாலும் இதே வலிதான். 1940-களில் லட்சுமிகாந்தன் என்பவர், திரைப்பட நட்சத்திரங்களின் படுக்கையறைச் சங்கதிகள் என்று சொல்லி அச்சிட்டுப் பிழைப்பு நடத்தினார். எழுதாமல் இருக்கவும் பணம், எழுதவும் பணம் என்பது அந்தப் பிழைப்பின் இலக்கணமாக இருந்தது. 1944 நவம்பரில் வேப்பேரியில் கத்திக்குத்துக்கு ஆளாகி அவர் இறந்தார். அந்த வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகித் தண்டனை பெற்றார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறுவிசாரணையில் 1947 ஏப்ரலில் விடுதலையானார்கள். ஆனால், தமிழகமே தலையில் வைத்துக் கொண்டாடிய பாகவதருக்குப் பழைய ஒளி திரும்பவேயில்லை. அந்தரங்கத்தை விற்றவர் மாண்டார், விலைபோனவர்கள் சிறை கண்டார்கள். காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, அதே சென்னையிலிருந்து இன்னொரு வழக்கு டில்லிக்குப் போனது. தூக்குத் தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிட முனைந்தது. காவல்துறை, சிறைத்துறை அதிகாரிகளோடு தமக்கிருந்த தொடர்புகளை அவர் அதில் எழுதியிருந்தார். வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை எச்சரித்தது. 1994 அக்டோபரில் இந்திய உச்சநீதிமன்றம் ஒரு தெளிவான கோடு கிழித்தது. ஒரு குடிமகனின் குடும்பம், திருமணம் போன்ற அந்தரங்கங்களை அவர் சம்மதமின்றி வெளியிட எவருக்கும் உரிமையில்லை. ஆனால், பொது ஆவணங்களில் உள்ள செய்தியை வெளியிடலாம். அரசு அதிகாரி தம் பணியில் செய்ததை அந்தரங்கம் என்று சொல்லி மறைக்க முடியாது.

மலேசியாவிலும் கூட்டரசு நீதிமன்றம், 2010-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியான சிவராசா ராசையா வழக்கில், அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவு கூறும் தனிமனிதச் சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று கூறியது குறிப்பிடத்தக்கது.

பெயர் மறைப்பது எப்போதும் பாவமா?

இல்லை. இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். கூலியில் கை வைக்கும் மேலாளரைப் பற்றித் தோட்டத் தொழிலாளி பெயர் போட்டு எழுதினால், மறுநாள் அவர் குடும்பம் லயத்தைக் காலி செய்ய வேண்டிவரும். அவருக்குப் பெயரை மறைப்பது கோழைத்தனம் அன்று, குடை. நாட்டின் தமிழ் நாளேடுகளில் எத்தனையோ பேர் புனைபெயரில் குறைகளை எழுதியதும் அந்தக் குடையின் கீழ்தான். அங்கேகூட ஓர் ஒழுங்கு உண்டு. வாசகருக்குப் புனைபெயர் மட்டுமே தெரியலாம், ஆனால் ஆசிரியர் மேசையில் உண்மைப் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது பத்திரிகைகளின் பொது வழக்கம்.

2010-ஆம் ஆண்டில் மலேசியா இயற்றிய தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டமும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான். அமலாக்கத் துறையிடம் முறைகேட்டைத் தெரிவிப்பவரின் அடையாளம் காக்கப்படும் என்றது அது. ஊடகத்திடம் போனால் அந்தக் காப்பு கிடையாது. அதனால் வந்த வேதனையும் நாடறிந்தது. தேசிய ஃபீட்லட் நிறுவன விவகாரத்தில் 2012-ஆம் ஆண்டு வங்கிக் கணக்கு விவரங்களை வெளியிட்ட ரஃபிஸி ரம்லிக்கும், ஒரு முன்னாள் வங்கி ஊழியருக்கும் 2018-ஆம் ஆண்டில் 30 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2019 நவம்பரில் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அவர் வெளியிட்டது பொதுப்பணம் சம்பந்தப்பட்ட விவகாரம். வெளியிட்டவர் தம் பெயரையும் முகத்தையும் மறைக்கவில்லை. மற்றவரின் தாளை வெளியே கொண்டு வருகிறவர் தம்மை அதன் கீழே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

அப்படியானால் கோடு எங்கே? பெயர் மறைத்த கடிதம், விசாரிக்கக் கூடியவரிடம் போனால் அது புகார். விசாரிக்க முடியாத கூட்டத்திடம் போனால் அது தண்டனை. விசாரணைக்கு முன்பே நிறைவேறிவிடும் தண்டனை!

அனுப்பும் முன்

சட்டமும் இப்போது சும்மா இல்லை. 1950-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 2012-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவு, இணையத்தில் வெளியான ஒன்றின் உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ ஒருவர் பெயர் இருந்தால், அதை வெளியிட்டவர் அவரே என்று அனுமானிக்கிறது. இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. மறுபுறம், 2013 நவம்பரில் அமலுக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிகப் பரிவர்த்தனைகளுக்கே பொருந்தும். தோழி தோழிக்கு எழுதிய கண்ணீர்க் கடிதம் ஊர் முழுக்கப் பரவினால், அந்தச் சட்டம் ஓடி வராது. அங்கே காவல் நிற்க வேண்டியது மனிதரின் மனசாட்சிதான்.

ஆகவே, பிறர் கடிதம் ஒன்று கைக்கு வரும்போது மூன்று கேள்விகள் போதும். எழுதியவரைக் கேட்டாயிற்றா? இதில் இருப்பது பொதுக் காரியமா, ஒரு வீட்டின் துயரமா? இதன் கீழே என் பெயரைப் போட நான் தயாரா? மூன்றாவது கேள்விக்குத் தயக்கம் வருமானால், அந்தத் தயக்கமே பதில்.

லயத்தில் கடிதம் படித்துச் சொன்ன வாத்தியார்கள் இந்த மூன்று கேள்விகளையும் எழுதி வைத்திருக்கவில்லை. கடிதத்தைப் படித்துக் காட்டினார்கள். மடித்தார்கள். வந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். பெக்கான் நானாஸ் வழியே போகும்போது சாலையோரத்தில் அன்னாசி கண்ணில் பட்டால், அந்தத் தாள் ஒட்டிய டின்னும் நினைவுக்கு வரட்டும். பெயர் போட முடியாத சரக்கை விற்கக் கூடாது என்பது கடைத்தெரு நியாயம். கடிதத்துக்கும் அந்த நியாயம் வேண்டாமா?